வாயு அடுப்புக்கு, சிலரி காட்டுக்கு

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டம். கட்டுத்தரையில் ஐந்து கறவை மாடுகள். பால் பீய்ச்சி முடித்த கையோடு, தோட்டத்து அக்கா சாணத்தை அள்ளி, சாண எரிவாயுக் கலனின் கலக்கும் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். சாணம் எவ்வளவோ, தண்ணீரும் அவ்வளவு. கழியால் கிண்டக் கிண்டச் சோளத்தட்டுத் துணுக்குகள் மிதந்தன; கையாலேயே அரித்து வெளியே போட்டார்.

"தட்டும் மண்ணும் உள்ள போனா அடைச்சுக்குமுங்க. தொறந்து அள்ளறது லேசுப்பட்ட வேலையில்லீங்க."

பினாயில் கலந்த கழுவுநீரை இந்தப் பக்கமே விடுவதில்லை. உள்ளே வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

கலன் என்று பார்க்க மேலே ஒன்றுமில்லை. 1984-இல் வந்த தீனபந்து வகை. செங்கல் கூண்டு முழுக்க மண்ணுக்கடியில். பழைய கதர் கிராமத் தொழில் ஆணைய மாதிரியில் இரும்பு டிரம் மிதக்கும், துருப்பிடிக்கும், பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கிருக்கும் கலன் நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் அளவு. சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். அடுப்பில் நீலமாக எரிகிறது. மார்கழிக் குளிரில் மட்டும் கொஞ்சம் மந்தம்.

நான் வாயுவைப் பற்றியே கேட்க, அவர் என்னை வெளித்தொட்டிக்கு இழுத்துப் போனார். வாயு பிரிந்தபின் அங்கே வழிந்து நின்ற சாணக் கரைசலில், அதாவது சிலரியில், சாண வாடை அநேகமாக இல்லை. ஈயும் மொய்க்கவில்லை. வெயிலில் கிடக்கும் குப்பைமேட்டிலிருந்து தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். மூடிய கலனில் அது பெரும்பாலும் அப்படியே தங்குகிறது. ஒரு பகுதி பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் அம்மோனிய வடிவில். அதனால்தான் அவர் இதைக் காயப்போடுவதில்லை. ஈரத்தோடு வாய்க்கால் தண்ணீரில் கலந்து வாழைக்கும் கோ-4 புல்லுக்கும் விடுகிறார். அந்தப் புல்தான் மாட்டுக்குத் தீனி.

அரசு மானியக் கணக்கில் கட்டிய கலன்களின் எண்ணிக்கை வரும். எத்தனை தொழுவத்தில் மாடு மிஞ்சியது என்பது வராது. இரண்டு தோட்டம் தள்ளி இதே போன்ற ஒரு கலன், தொட்டி நிறையத் தேங்காய் மட்டையோடு கிடக்கிறது. மாட்டை விற்றுவிட்டார்கள். கலனில் ஒரு பழுதும் இல்லை.

"சிலிண்டரும் வெச்சிருக்கறனுங்க. விருந்தாடி வந்தா வேணுமல்ல?" என்றார். ஆறாவது மாடு பிடிக்கும் யோசனை இருக்கிறதாம். வாயு போதாமல் அல்ல, வாழைக்குச் சிலரி பற்றவில்லை. அதற்கு முன் புல்கரணை ஊன்றியாக வேண்டும். மஞ்சள் எடுத்த வயலில் கால் ஏக்கரை ஒதுக்கிவைத்திருக்கிறார்.