துரு வளர்த்த ஒரு வாரம்

எங்கள் மூத்தாப்பாவின் இரட்டைக்குழல் துவக்குக்கு என் வாப்பாவை விட வயது கூட. வட்டைக் காவலுக்காக வாங்கியது. பன்றிக்கும் யானைக்கும் அது போட்ட சத்தத்தை மூத்தம்மா இன்றும் சொல்வா. நான் கண்ட நாள் முதல் அது அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. இப்போது வயலில் யானைவெடிதான்.

போன டிசம்பர் விடுமுறையில் வெளியே எடுத்தால், குழல்களில் திட்டுத் திட்டாகத் துரு. மூத்தாப்பாவுக்கும் கண் மங்கிவிட்டது. டிசம்பர் 31உடன் முடியும் அனுமதிப்பத்திரத்தை இனிப் புதுப்பிப்பதில்லை, பொலிஸில் ஒப்படைப்பது என்று அவரே முடிவெடுத்தார். ஆனால் இந்தக் கோலத்தில் கொடுக்கமாட்டாராம்.

"கொடுக்கிற சாமானுக்கு என்னத்துக்கு வாப்பா மினுக்கம்?" என்று சாச்சா சிரித்தார். மூத்தாப்பா பதில் சொல்லவில்லை. தன் கை நடுங்குவதால் என்னைக் கூப்பிட்டார்.

உள்ளே தோட்டா இல்லை என்பதை விரல் விட்டு இருமுறை பார்த்து, குழல்களைத் தனியே கழற்றித் தந்தார். பழைய துருவையும் நிறத்தையும் அரத்தாளால் தேய்த்தெடுக்கவே இரண்டு நாள் போனது. குழல் இரண்டையும் ஈயப்பற்று சேர்த்திருப்பதால் நெருப்பில் காட்டக்கூடாது என்றார். சுண்ணாம்பு தடவிக் கழுவி எண்ணெய்ப்பசையைப் போக்கினோம். குழல் வாய்களை மரக்கட்டையால் அடைத்தோம். உள்ளே மருந்து போகாது, பிடிக்கவும் அதுதான் கைப்பிடி.

மருந்து என்றது நவச்சாரம் கரைத்த தண்ணீர். துணியில் தொட்டு மெல்லியதாக ஒரு தடவை பூசி, கிணற்றடிக் குளியலறையில் தொங்கவிட்டோம். மழைக்காலம். விடிந்து பார்த்தால் குழல் முழுக்கச் செந்துரு! இரசாயனவியலில் துருவைத் தடுக்கும் வழிகளை எழுதிப் புள்ளி எடுத்தவள் நான். இங்கே அதை வளர்க்கிறேன். உதிரும் தூளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் இரும்போடு ஒட்டிய மெல்லிய படை மட்டும் மிஞ்சும். அதன் மேல் மறுபடி மருந்து, மறுபடி துரு. ஒவ்வொரு முறையும் நிறம் கூடும். கடைசியில் அந்தப் படை எண்ணெயைப் பிடித்து வைத்து, ஈரம் இரும்பைத் தொடாமல் காக்கும்.

"கையால மட்டும் தொடாத மகள்" என்று தினமும் சொன்னார். நான்காம் நாள் கட்டை வழுக்கியது. சட்டென்று குழலைப் பிடித்துவிட்டேன். அடுத்த நாள் எல்லா இடமும் பழுப்பு, என் பெருவிரல் பட்ட இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. அவருக்குக் கண் தெரியாது. சொல்லாமலே விட்டிருக்கலாம். அஸருக்குப் பிறகு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த இடத்தத் தேய்ச்சிட்டு முதல்ல இருந்து தொடங்கு" என்றார்.

நாளைக்கு இரண்டு முறை பூசினோம். ஆனாலும் புளியங்கொட்டை அளவு இடம் நிறம் குறைவாகவே நின்றது. அப்பச்சோடா கரைத்த வெந்நீரை ஊற்றித் துருவை நிறுத்தி, சூடு ஆறுமுன் தையல் மெசின் எண்ணெய் பூசினோம். நல்ல கருப்பட்டி நிறம்.

31ஆம் திகதி நானும் கூடப் போனேன். பொலிஸ்காரர் குழலைக் கையால் பற்றித் தூக்கி, இலக்கத்தைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதி, சுவரில் சாய்த்து வைத்தார். மூத்தாப்பா மடியிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்தார்.

"அவர் எந்த இடத்தில புடிச்ச மகள்?"

அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.