கடல் பக்கமாக உட்காருங்கள்

பிறை, பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மலர்,

உன் குரல் செய்தியைக் கேட்டேன். சித்தியும் கூட வருகிறார் என்றதும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஃபோனில் சொன்னால் நீ பாதியை மறப்பாய், மீதியைச் சித்தி மாற்றிச் சொல்லுவார். எழுத்தில் இருக்கட்டும்.

பிறையில் என் வீடு இருக்கும்போது முதல் இரண்டு இரவு ஜார்ஜ்டவுன் விடுதியில் என்று முடிவு பண்ணியிருக்கிறாய். எனக்குக் கோபம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் நீ செய்தது சரி. சித்தப்பா பிறந்த ஊரைச் சித்தி பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தெருக்களில் ஒரு விடியற்காலையாவது எழுந்து நடக்க வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் என் வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தொழிற்சாலையும் சரக்கு லாரியும்தான் தெரியும்.

நீங்கள் வந்து இறங்கும் அன்று எங்கள் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் குறிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. காலையில் நகர முடியாது. அதனால் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு நீங்களே வந்துவிட வேண்டும். கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பக்கமாக வருகிறீர்கள் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இப்போது 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் மலேசிய மின்னியல் வருகை அட்டை என்று ஒன்று இருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும், சித்திக்கும் தனியாக. வாடகைக் கார் அழைக்கிற கிராப் செயலியை ஊரிலேயே இறக்கிப் பதிவு செய்துகொள். உறுதி எண் உன் இந்திய நம்பருக்குத்தான் வரும். இங்கே வந்து சிம் மாற்றிய பிறகு முழிக்காதே. கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளு. இரவு விமானத்தில் தூங்காமல் வரும் சித்திக்கு இந்த இரண்டரை மணி நேரம்தான் அன்று மதியம் வேலையைக் காட்டும்.

விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. பழைய நகரம் வடகிழக்கு முனையில். நடுவே 16 கிலோமீட்டர் சொச்சம். காலை நேரத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும். 1972இல் அந்தப் பேட்டை தொடங்கியபோது இன்டெல் வந்தது, பின்னாலேயே வரிசையாக மற்றவர்கள் வந்தார்கள். இன்று தீவில் பாதிப் பேருடைய காலை நேரத்தைத் தீர்மானிப்பது அந்தப் பேட்டையின் வேலை மாற்றம்தான். நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம். இருந்தால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்.

வெளியே வந்ததும் டாக்சி முகப்பு இருக்கும். இடத்தைச் சொன்னால் விலை போட்டுச் சீட்டுத் தருவார்கள், பேரம் கிடையாது. கிராப் அதைவிடக் குறைவு. நகரத்துக்கு முப்பது வெள்ளி முன்னே பின்னே. (ரிங்கிட் என்று நோட்டில் இருக்கும், நம் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, வெள்ளிதான்.) மழை வந்தால் கிராப் விலை ஏறும், பத்து நிமிஷம் பொறுத்தால் இறங்கும். வண்டி எண்ணைப் பார்த்து ஏறு. பெரும்பாலும் ஒரு சீன அங்கிள்தான் ஓட்டிக்கொண்டு வருவார். நீ ஏறி உட்கார்ந்ததும் "ஹைவே, அங்கிள், வெல்ட் கீ வழியாக" என்று சொல். அவருக்குப் புரியும். சொல்லாவிட்டால் ஃபோன் காட்டும் வழியில் ஜெலுத்தோங் உள்சாலையாகவோ கொம்தார் கோபுரத்தின் பக்கமாகவோ கொண்டுபோய் விடுதி வாசலில் இறக்கிவிடுவார். அதில் தப்பில்லை, ஆனால் அது ஊருக்குக் கொல்லைப்புறம்.

இந்த நகரத்தின் வாசல் கடலைப் பார்த்து இருக்கிறது, மலர். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய நாளிலிருந்து இங்கே வந்த அத்தனை பேரும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். துறை, அதற்குப் பின்னால் கிடங்குகள், அதற்குப் பின்னால் வட்டிக்கடை, துணிக்கடை, கோயில், பள்ளிவாசல். கடலிலிருந்து உள்ளே நடந்தால்தான் எதற்குப் பின்னால் எது, ஏன் அங்கே என்பது விளங்கும். பின்பக்கமாக நுழைகிற வெளியூர்க்காரர்கள் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஊரே இவ்வளவுதான் என்று போய்விடுகிறார்கள்.

அதனால் கடலோர நெடுஞ்சாலை. துன் டாக்டர் லிம் சோங் யூ பெயரில் இருக்கிறது, இங்கே நீண்ட காலம் முதலமைச்சராக இருந்தவர். சித்தியை வலப்பக்க ஜன்னலில் உட்கார வை, அதாவது ஓட்டுநருக்குப் பின்னால். கடல் முழுக்க அந்தப் பக்கம்தான். தொழிற்சாலைகளைத் தாண்டிக் குவீன்ஸ்பே பேரங்காடி பக்கம் வரும்போது, கைக்கெட்டும் தூரத்தில் என்று சொல்லலாம், பச்சைப் பசேலென்று ஒரு சின்னத் தீவு தெரியும். வீடு தெரியாது, ஆள் தெரியாது, மரம்தான். அதுதான் ஜெரெஜாக்.

அந்த இடத்தில் சித்தி தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடு. தாத்தா ராஜுலா கப்பலில் டெக் பயணியாக நாகப்பட்டினத்தில் ஏறி வந்தபோது முதலில் கால் வைத்தது பினாங்கில் இல்லை, ஜெரெஜாக்கில்தான். கப்பலில் யாருக்காவது அம்மையோ காலராவோ என்று சந்தேகம் வந்தால் டெக்கில் வந்தவர்களை அங்கே இறக்கி, துணிமணியை மருந்துப் புகையில் போட்டு, நாள் கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். மேல் வகுப்புப் பயணிகளுக்கு அந்தச் சடங்கெல்லாம் அவ்வளவாகக் கிடையாது. அதே தீவில் தொழுநோயாளிகளுக்கும் தனி முகாம் இருந்தது. பிற்பாடு அதைச் சிறையாக்கி 1993 வரை நடத்தினார்கள். எதிரே நகரத்தின் விளக்குகள் தெரிய, போக முடியாமல் உட்கார்ந்திருந்ததைத் தாத்தா அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாராம். சித்தப்பாவும் உங்களிடம் சொல்லியிருப்பார். ஒருவேளை சொல்லியிருக்க மாட்டார். போர் முடிந்து பாட்டி அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் சின்னப் பையன்.

அதைத் தாண்டியதும் பாலம். 1985இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். அது வந்த பிறகுதான் எங்களுக்கெல்லாம் பிறையிலிருந்து தீவுக்கு வேலைக்கு வருவது சுலபமானது. அழகைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்: அதே வலப்பக்கத்தில் ஜெலுத்தோங் குப்பைமேடும் வரும், காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் புதுப் புது அடுக்குமாடிகள், எல்லாம் கடலைத் தூர்த்துக் கட்டியவை.

பிறகு சாலை குறுகும். வலப்பக்கம் கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கிற சீனர்களின் வீடுகள் தெரியும். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு துறை, அவற்றில் பெரியது சூ குலத்தாருடையது. அந்தச் சாலைதான் வெல்ட் கீ. அதை ஒட்டி ஃபெர்ரித் துறையும் பேருந்து நிலையமும். இரண்டுக்கும் சேர்த்து எல்லாரும் 'ஜெட்டி' என்றுதான் சொல்வோம். வண்டி அங்கே இடப்பக்கம் திரும்பி லெபோ சூலியாவுக்குள் (லெபோ என்றால் தெரு) நுழையும்போது மட்டும் ஃபோனைப் பையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் வெளியே பாருங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாத தூரம். குறுக்கே வருகிற லெபோ பந்தாய் ஒரு காலத்தில் கடலைத் தொட்டுக்கொண்டு இருந்தது. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீயைக் கட்டிய பிறகு அது உள்தெருவாகிவிட்டது. அடுத்து லெபோ பினாங்கு, செட்டியார்களின் கோயில் வீடு இருக்கிற தெரு. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போவது அங்கிருந்துதான். அதற்கடுத்து லெபோ கிங் முனை.

அந்த முனையில் இருப்பது நாகூர் தர்கா. நிஜமாகத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ் ஏறிப் போகிற அந்த நாகூர் ஆண்டவர் பெயரில், 1800களின் தொடக்கத்தில் இங்கே வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. உயர்ந்த மினாராக்களை எதிர்பார்க்காதே. சின்னது, சுவரை ஒட்டிக் கடைகள், எதிரே மோட்டார் சைக்கிள்கள். தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள். கடல் தாண்டிப் போகிறவர்கள் அங்கே வேண்டிக்கொண்டு கப்பலேறி, இங்கே வந்து இறங்கியதும் நன்றி சொல்ல ஓர் இடம் தேடியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் லெபோ குவீனில் மகா மாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. அதற்கும் அப்பால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801. நம் சோழமண்டலக் கரைக்காரர் காதர் முகைதீன் முன்னின்று எழுப்பியது. எல்லாம் நடை தூரம்தான். 2008இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து முகப்புகளை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. ஆனால் வாடகை ஏறிவிட்டது. உள்ளே குடியிருந்தவர்கள் பலர் போய்விட்டார்கள், காப்பிக்கடையும் தங்கும் விடுதியும்தான் வளர்கின்றன. நீ பதிவு செய்திருக்கிற விடுதியும் அப்படி ஒரு வீடாகத்தான் இருந்திருக்கும்.

பேருந்து வேண்டாமா என்று கேட்டிருந்தாய். 401 பேருந்து விமான நிலையத்திலிருந்து நேராக ஜெட்டிக்கு வரும், மூன்று வெள்ளிக்குள் கட்டணம். சில்லறை திருப்பித் தர மாட்டார்கள், சரியாக வைத்திருக்க வேண்டும். 102 என்று ஒன்று வரும், அது கொம்தார் வழியாக வடகரைக்குப் போகிறது, அதில் ஏறாதே. 401 பாம்புக் கோயில் பக்கம், சுங்கை நிபோங் என்று ஊர் ஊராகப் புகுந்து வரும். எனக்குப் பிடித்த பேருந்து அது. பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு பாட்டிகளும் ஏறி இறங்குவார்கள். ஆனால் இரவெல்லாம் விழித்து வந்த சித்தியையும் இரண்டு பெட்டியையும் வைத்துக்கொண்டு அது வேண்டாம். ஊருக்குத் திரும்பும் அன்று நேரம் இருந்தால் நீ மட்டும் அதில் போ, நான் சித்தியையும் பெட்டிகளையும் காரில் கூட்டிக்கொண்டு வருகிறேன். விமான நிலையத்துக்கு ரயில் விடப் போகிறார்கள், 2025 ஜனவரியில் வேலை தொடங்கிவிட்டது. வரட்டும், நெரிசல் குறையும். ஆனால் அதுவும் நகரத்தில் கொம்தாரில்தான் கொண்டுபோய்விடும்.

சித்தியின் முழங்காலைப் பற்றி ஒன்று. பழைய கடைவீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை உண்டு, வெயிலுக்கும் மழைக்கும் சுகம். ஆனால் ஒவ்வொரு கடையும் தன் வாசலைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்தி வைத்திருக்கும். பத்தடிக்கு ஒரு படி ஏறி ஒரு படி இறங்க வேண்டும், நடுவில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள். வழவழப்பான ஓடு பதித்த இடங்களில் மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள செருப்பு வாங்கிக் கொடு. ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் நடுவே சுற்றும் கேட் (CAT) பேருந்து இலவசம், நடக்க முடியாதபோது அதில் ஏறிக்கொள்ளலாம்.

காலையில் போனால் விடுதியில் அறை தர மாட்டார்கள், மதியத்துக்கு மேல்தான். பெட்டிகளைக் கொடுத்துவிட்டு லெபோ பாசாரில் பசியாறுங்கள். தோசை, இட்லி எல்லாம் கிடைக்கும், ஆனால் இங்கே வந்து இட்லி சாப்பிடுகிறேன் என்று நீ சொன்னால் நான் பேச மாட்டேன். ரொட்டி சானாய் வாங்கு, சித்திக்குத் தே தாரேக் சர்க்கரை குறைத்து என்று சொல். மதியம் நாசி கண்டார். சோற்றின் மேல் நாலைந்து குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றித் தருவான். தனித்தனியாக ஊற்று என்று சொல்லிவிடாதே, பரிமாறுகிறவன் முகம் மாறிவிடும். பெரிய இறாலையும் மீன் தலையையும் மட்டும் விலை கேட்டுவிட்டு எடு. கணக்கைத் தட்டைப் பார்த்தே மனசுக்குள் போடுவான், பில்லில் எது எவ்வளவு என்று இருக்காது. ஒரு தடவை உன் அத்தானுக்கு வந்த பில்லைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

போட்டி முடிந்ததும் பட்டர்வொர்த்தில் காரை நிறுத்திவிட்டு ஃபெர்ரியில் வருகிறேன். நாலு மணிவாக்கில் லெபோ கிங் முனையில், தர்கா பக்கம் நில்லுங்கள். நாலரை ஆனால் கவலைப்படாதே. பரிசளிப்பில் யாராவது ஒரு பிரமுகர் மைக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

கருவாடு கொண்டு வராதே, சுங்கத்தில் எடுத்துவிட்டால் அழுகை வரும். கொண்டு வர வேண்டியது ஒன்றுதான். சித்தப்பாவின் பிறப்புச் சான்றிதழ் இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். பிறந்த வீட்டின் தெருவும் கதவு எண்ணும் அதில் இருக்கும். தெருப் பெயர் இங்கிலீஷில் பிட் ஸ்ட்ரீட் என்றோ மார்க்கெட் ஸ்ட்ரீட் என்றோ போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், இன்றைய பெயர் எனக்குத் தெரியும். அசலைத் தூக்கிக்கொண்டு அலையாதே, தெளிவாக ஒரு நகல் எடுத்துக் கைப்பையில் வை.

அன்புடன்,
உன் அக்கா