அம்மப்பாவின் டிரைஸ்டார்

போன வருடம் அப்பாவின் பழைய கொம்பியூட்டர் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தது. திரை அடிக்கடி உறைந்துபோய் நிற்கும். "புதுசு ஒண்டு வாங்கித் தாறன் அப்பா" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. அதில என்ர பிளேன் ஓடாது" என்றார்.

அவருடைய பிளேன் ஒரு லொக்ஹீட் டிரைஸ்டார். சிறகுகளின் கீழ் இரண்டு எஞ்சின், வாலில் ஒன்று. எயார் லங்காவின் நிறம் பூசியது. 2006-இல் வெளிவந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸுக்காக ஒரு சின்ன நிறுவனம் செய்து விற்ற ஆட்-ஆன் அது. அம்மா "இந்த வயசில விளையாட்டுக்குக் காசோ?" என்று கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1984-இல் அப்பா அந்த நிஜமான டிரைஸ்டாரில்தான் கட்டுநாயக்காவில் ஏறி, துபாயில் நின்று, கேட்விக்கில் வந்து இறங்கினார். அந்தப் பயணத்தைப் பற்றி எங்களிடம் அவர் அதிகம் கதைத்ததில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அறைக்கதவைச் சாத்திவிட்டு அதே பாதையில் பறப்பார்.

என் மகனுக்குப் பதினொரு வயது. அவனிடம் 2020-இல் வந்த புதிய மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கிறது. "ஈஸி அம்மா. ஃபோல்டரைக் கொப்பி பண்ணினாச் சரி" என்றான். நானும் நம்பினேன்.

பழைய பிளேன் ஒன்றின் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே மொடல், பனல், சவுண்ட், டெக்ஸ்சர் என்று ஃபோல்டர்கள் இருக்கும். வெளியே ‘எயார்கிராஃப்ட் டொட் சிஎஃப்ஜி’ என்றொரு ஃபைல். புதிய சிமுலேட்டரில் இதைக் ‘கொம்யூனிட்டி’ ஃபோல்டருக்குள் வைக்க வேண்டும். அதோடு ‘மனிஃபெஸ்ட்’, ‘லேஅவுட்’ என்று இரண்டு ஃபைல்களும் வேண்டும். லேஅவுட் என்பது வீட்டுக்கு வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் மாதிரி. அதில் பெயர் இல்லாத ஃபைலைச் சிமுலேட்டர் கண்டுகொள்ளாது. மகன் இரண்டு சனிக்கிழமை இருந்து அந்தப் பட்டியலைச் சரி செய்தான்.

கடைசியில் டிரைஸ்டார் ஓடுபாதையில் வந்து நின்றது. வெளியில் இருந்து பார்க்க அசல் அதேதான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். மகன் விமானிகளின் அறைக்குள் போனான். உள்ளே மானிகள் அநேகமாக எல்லாமே கறுப்பு. உயரம் இல்லை, வேகம் இல்லை, எஞ்சின் சூடு இல்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ரீ குடிக்கப் போய்விட்டார்.

காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தக் காலத்து நல்ல ஆட்-ஆன்களில் ஒவ்வொரு மானியும் தனித்தனிச் சின்ன புரோகிராம். அவை 32-பிட்டுக்கு எழுதப்பட்டவை. புதிய சிமுலேட்டர் 64-பிட். 64-பிட் புரோகிராம் ஒன்று 32-பிட் துண்டைத் தனக்குள் ஏற்றவே முடியாது. எக்ஸ்எம்எல்லில் எழுதிய எளிய மானிகள் சிலவேளை தப்பிவிடும். மற்றவற்றை, செய்தவரே திரும்ப எழுதினால்தான் உண்டு. எங்கள் பிளேனைச் செய்த நிறுவனமோ எப்போதோ கடையை மூடிவிட்டது.

அப்படியென்றால் ஏன் 64-பிட்டுக்கு மாறினார்கள்? 32-பிட் புரோகிராம் எதுவானாலும் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைப் பாவிக்க முடியாது. பாரமான பிளேன், பெரிய விமான நிலையம், அழகான நிலக்காட்சி எல்லாம் சேர்ந்தால் அந்த 4 ஜிபி நிரம்பி எல்லாமே நின்றுவிடும். அது அநேகமாக இறங்குகிற நேரத்தில்தான் நடக்கும். அப்பாவுக்கு இது நல்ல பழக்கம். "மணித்தியாலக் கணக்கா ஓட்டி வந்து, கேட்விக் தெரியிற இடத்தில நிண்டிடும்" என்று சிரிப்பார்.

ஆக, புதிய வீட்டுக்குள் பழைய பிளேனைக் கொண்டுவர முடியாது. அப்போது மகன்தான் கேட்டான்: "அம்மா, பழைய வீட்டையே கொண்டு வரலாமே?"

அதைத்தான் செய்தோம். அந்தப் பழைய சிமுலேட்டர் இன்றைய விண்டோஸிலும் ஓடும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பாவோ மாமாவோ இருந்தால், எங்களுக்கு உதவிய மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். ஒன்று, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் அதை நிறுவாதீர்கள். அங்கே விண்டோஸின் கட்டுப்பாடு அதிகம், பழைய ஆட்-ஆன்கள் தடுமாறும். தனி ஃபோல்டர் ஒன்றில் வையுங்கள். இரண்டு, ‘எஃப்எஸ்எக்ஸ் டொட் சிஎஃப்ஜி’ ஃபைலில், கிராஃபிக்ஸ் என்ற பகுதியின் கீழ் ‘ஹைமெம்ஃபிக்ஸ் = 1’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேருங்கள். நினைவகச் சிக்கல்கள் சில குறையும். மூன்றாவதுதான் முக்கியம். வாங்கியபோது கிடைத்த இன்ஸ்டோலர் ஃபைலையும் சாவி எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். விற்ற கடை மூடிவிட்டால் திரும்ப எடுக்க இடமில்லை.

அப்பா அதை சீடியில் எழுதி வைத்திருந்தார். சாவி எண், அம்மாவின் பழைய டயரியில், பால் கணக்குக்கும் சீட்டுக் கணக்குக்கும் நடுவில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டிரைஸ்டாரின் மானிகள் எல்லாம் உயிர்பெற்றன. அந்த விமானத்துக்கு மூன்று பேர் வேண்டும். கப்டன், துணை விமானி, பின்னால் பக்கவாட்டில் எஞ்சின்களையும் எரிபொருளையும் பார்க்கிற ஃப்ளைட் எஞ்சினியர். அந்த மூன்றாவது சீட்டை அப்பா பேரனுக்குக் கொடுத்தார். அவன் ஆங்கிலத்தில் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. அல்லது கேட்காத மாதிரி இருப்பார். "அம்மப்பா, எண்ணெய் குறையுது", "அம்மப்பா, உயரம் காணாது" என்று அவன் கத்துவது சமையலறை வரைக்கும் வரும். தமிழ்ப் பள்ளிக்குப் போகச் சொல்லி நான் கெஞ்சிய சனிக்கிழமைகளை நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அவன் கேட்டான்: "அம்மப்பா, ஏன் எப்பவும் கொழும்பில இருந்து லண்டன்? ஏன் திரும்பிப் போறேல்லை?"

நான் கதவடியில் நின்றேன். அப்பா கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போனதில்லையடா. என்ர அம்மா செத்ததுக்கும் போகேல்லை. அப்ப போகேலாது. பிறகு போகலாம் எண்டு வந்தபோது, ஆரிட்டப் போறது எண்டு விட்டிட்டன்."

அப்பம்மா இறந்தது எனக்குத் தெரியும். அப்பா போகவில்லை என்பதும் தெரியும். ஆனால் அதை அவர் வாயால் கேட்டது அன்றுதான் முதல்முறை.

மகன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சிமுலேட்டரில் துபாயைத் தெரிந்து, போகும் இடத்தில் கட்டுநாயக்கா என்று போட்டான். இருவரும் பறந்தார்கள். நேரத்தை நாலு மடங்கு வேகமாக்கியும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஓடுபாதை 04-இல் அப்பா மெதுவாக இறக்கினார். நினைவகம் அன்றைக்குக் காப்பாற்றிவிட்டது.

"இனிப் பலாலிக்குப் போவமா?" என்று கேட்டான் மகன்.

"இந்தப் பெரிய பிளேனுக்கு அங்க ஓடுபாதை காணாதடா."

"என்ர புதுசில ஏடிஆர் இருக்கு. நிஜமாவே சென்னையில இருந்து பலாலிக்கு ஏடிஆர் போகுதாம். பாத்தனான்."

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். "அதுக்கு எத்தனை விமானி?"

"ரெண்டு பேர்."

"அப்ப மூண்டாவது சீட் இல்லை. நீ எங்க இருப்பாய்?"

"கப்டன் சீட்டில" என்றான்.

இப்போது அப்பாவின் மேசையில் இரண்டு சிமுலேட்டரும் இருக்கின்றன. வருகிற ஆகஸ்ட் விடுமுறைக்குச் சென்னை வழியாகப் பலாலிக்கு டிக்கெட் என்ன விலை என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.