வீட்டுக்கு முன்னால் வந்த ரயில்

என் அம்மா ஓர் ஊரை எடைபோடுவது முழங்காலை வைத்து. கோபுரமும் அரண்மனையும் அப்புறம்தான். படி எவ்வளவு உயரம், உட்கார இடம் உண்டா என்பதே முதல் கேள்வி. வியன்னாவில் டிராம் ஏறும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. அங்கே ஓடும் 'உல்ஃப்' வகை டிராம்களில் கதவுப் பக்கத்துத் தரை தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. உயரம்தான். நடைபாதையிலிருந்து அப்படியே உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். தள்ளுவண்டிக் குழந்தைகளும் அதே கதவில்தான் வந்தார்கள்.

"இங்க டிக்கெட்டே யாரும் கேக்க மாட்டாங்களாடா?" என்பது அடுத்த கேள்வி. கேட்பார்கள், எப்போதாவது. மெட்ரோ நிலையங்களில்கூடத் தடுப்புக் கதவு கிடையாது. ஒற்றைப் பயணச் சீட்டு என்றால் வாசலில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். ஆண்டு பாஸ் வைத்திருப்பவருக்கு அந்த வேலையும் இல்லை. நேரே நடந்துபோய் ஏறிக்கொள்ளலாம். பரிசோதகர் வரும்போது கையில் சீட்டு இல்லையென்றால் அபராதம் நன்றாகவே உறைக்கும்.

அந்த ஆண்டு பாஸ்தான் வியன்னாவை ஐரோப்பா முழுக்கப் பேசவைத்தது. 2012 மே மாதம் அதன் விலையை 449 யூரோவிலிருந்து 365 ஆகக் குறைத்தார்கள். நாளுக்கு ஒரு யூரோ. மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். சில ஆண்டுகளில் பாஸ்களின் எண்ணிக்கை, நகரில் பதிவான கார்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எனக்கு அங்கேதான் சந்தேகம். டிக்கெட் மலிவு என்பதற்காகவா ஒருவர் காரை விடுவார்? எங்களைத் தங்கவைத்திருந்த நண்பரிடம் கேட்டேன். "காரை எடுத்துட்டுப் போனா எங்க நிறுத்துறது?" என்று திருப்பிக் கேட்டார். விஷயம் அதுதான். பாஸ் விலையைக் குறைத்த அதே ஆண்டில் கட்டண நிறுத்தப் பகுதிகளை விரிவாக்கினார்கள். 2022 மார்ச்சில் அது ஏறக்குறைய நகரம் முழுவதுக்கும் வந்துவிட்டது. குடியிருப்பவர் தம் வட்டாரத்துக்கு மட்டும் கட்டணம் கட்டி அனுமதி வாங்கலாம். வெளியாள் என்றால் வார நாள்களில் காசு கொடுத்தும் இரண்டு மணி நேரம்தான். எட்டு மணி நேர வேலைக்கு யார் காரில் போவார்?

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவாரசியம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் வாரக் கணக்கில் முதலாளி ஒரு வரி கட்டுகிறார்; மெட்ரோ கட்டுவதற்கென்று 1970-இல் தொடங்கிய வரி. 2012-இல் அது வாரத்துக்கு 2 யூரோவாக உயர்ந்தது. ஆள் நேரத்துக்கு வேலைக்கு வந்து சேர்வதில் முதலாளிக்கும் ஆதாயம் உண்டே, பாதை போடும் செலவில் அவருக்கும் பங்கு இருக்கட்டும் என்ற கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

யு2 மெட்ரோ தடத்தில் கிழக்கே போனால் டானூப் ஆற்றைக் கடந்து கடைசி நிறுத்தம் ஸேஷ்டாட். 1809-இல் நெப்போலியனை ஆஸ்திரியர்கள் தோற்கடித்த ஆஸ்பெர்ன் பக்கம். பிற்பாடு அங்கே விமான நிலையம் இருந்து, 1977-இல் மூடப்பட்டது. அந்த வெற்று மண்ணுக்கு 2013 அக்டோபரில் மெட்ரோ வந்தது. முதல் குடித்தனங்கள் வந்ததோ 2014-இல்! வயலும் பாரந்தூக்கிகளும்தான் முதலில் ரயிலை வரவேற்றிருக்கும். காலி ரயிலுக்கு வெட்டிச் செலவு என்று தோன்றலாம். ஆனால் குடியேறிய முதல் நாளே வாசலில் ரயில் நின்றால், கார் வாங்கும் யோசனைக்கு அவசரமே இல்லை. ரயில் பத்து வருடம் கழித்து வந்தால் அதற்குள் கார் வீட்டில் ஓர் ஆளாகியிருக்கும். இப்போது நடுவில் ஒரு ஏரி, சுற்றிலும் அடுக்குமாடிகள். தெருக்களுக்குப் பெரும்பாலும் பெண்களின் பெயர்கள். பாடகி ஜேனிஸ் ஜோப்ளின் பெயரில் ஓர் உலாச்சாலைகூட உண்டு. அம்மா அங்கே ஒரு பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே மறுத்தார்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். மாலை நேர யு6-இல் நின்றுகொண்டு வந்தவர்களுக்கு நெரிசல் என்ன என்று தெரியும். யு2-இன் நகர மையப் பகுதி 2021-இல் மூடப்பட்டு, 2024 டிசம்பரில்தான் திரும்பத் திறந்தது.

2026 ஜனவரியில் பாஸ் விலையும் ஏறிவிட்டது: 467 யூரோ, செல்பேசியில் வைத்துக்கொண்டால் 461. நாளுக்கு ஒரு யூரோ என்ற பெருமை போயிற்று என்று நண்பர் தொலைபேசியில் முணுமுணுக்கிறார். இந்த விலையேற்றத்தை வியன்னா தாங்கிக்கொள்ளும் என்பதுதான் என் கணிப்பு. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை வரும் வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஆனால்தான் நண்பர் கார் வாங்குவார்.