மூணாவது சிடி!

உங்க வீட்டுல யாராவது ஒரு படத்தை முக்கால்வாசி பார்த்துட்டு, மீதியைப் பார்க்கப் பதினாறு வருஷமா காத்துக்கிட்டு இருக்காங்களா? எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார். எங்க அப்பா!

அப்பா திண்டுக்கல்லில் வீடியோ லைப்ரரி வைத்திருந்தவர். ஒரு சிடிக்கு ஒரு நாள் வாடகை 10 ரூபாய். அகிரா குரோசாவா 1954-ல் எடுத்த 'செவன் சாமுராய்' படமும் கடையில் இருந்தது. 207 நிமிஷப் படம் என்பதால் மூணு விசிடி. 2009-ல் ஒருநாள் ராத்திரி, வாடிக்கையாளர் திருப்பித் தந்த கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். முதல் சிடி ஓடியது, ரெண்டாவது ஓடியது. மூணாவது கவரைத் திறந்தால்... உள்ளே முருகன் பக்திப் பாடல்கள்! எடுத்துப்போன புண்ணியவான் சிடியை மாற்றி வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் கடைப்பக்கமே வரவில்லை.

"கொள்ளைக்காரங்க வர்றானுங்க, மழை பெய்யப் போவுது, எல்லாரும் ரெடியா நிக்கிறாங்கடா... அதோட நின்னுபோச்சு" என்று அப்பா இன்னைக்கும் சொல்வார். "எத்தனை பேரு பொழைச்சாங்கன்னு நெட்ல பார்த்துச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டால், "வாயை மூடு. சொல்லிப்புடாதே" என்பார். 'போன்லயே பார்க்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "சினிமாவை உள்ளங்கையில வச்சுப் பார்க்க அது என்ன ரேகையாடா?" என்றுவிட்டார். சிடி விற்ற மனுஷனுக்கு சிடியில் வந்தால்தான் படம்.

அந்தக் கடை 2012-ல் மூடியாச்சு. மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கடைக்குக் கடை தொங்கவிட்டபோதே அப்பாவுக்குப் புரிந்துவிட்டதாம். 28 ரூபாய்க்குச் சொந்தமாவே கிடைக்கும்போது 10 ரூபாய் கொடுத்து வாடகைக்கு எவன் எடுப்பான்? அந்தக் கம்பெனியும் 2018-ல் கலைக்கப்பட்டது தனிக்கதை.

எனக்கு 20 வயசு. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. ஹாஸ்டல் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து, மூணு மாசத்தில் 6,000 ரூபாய் சேர்த்திருந்தேன். போன வருஷம், அதாவது 2025 மே மாசம், அப்பாவுக்கு அந்தப் படத்தை வாங்கிவிடுவது என்று முடிவு பண்ணினேன். நம்ம ஊரில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஒரு அமெரிக்கக் கடையில் ப்ளூ-ரே டிஸ்க் பாதி விலைத் தள்ளுபடியில் 25 டாலர். அன்னைக்கு டாலர் 85 ரூபாய். மனசுக்குள் பெருக்கினேன்... 2,125. 'அடடா, மீதிக் காசில் அப்பாவுக்கு ஒரு சட்டையே எடுத்துடலாம் போலிருக்கே!'

இப்போ அந்தச் சட்டை என்ன ஆச்சு என்று பாருங்க.

முதலில் கார்டே வேலை செய்யவில்லை. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடித்தான் வரும். வங்கி ஆப்பில் நாமே திறக்கணும். வேலை முடிந்ததும் மூடியும் வைக்கணும். அது தெரியாமல் நாலு தடவை முயற்சி பண்ணி, கார்டு திருடுபோய்விட்டது என்று வேறு பயந்தேன். அதைத் திறந்து உள்ளே போனால், அனுப்பும் செலவு 18 டாலர். சரி, கடல் கடந்து வருதே என்று ஒத்துக்கொண்டேன். ஆக 43 டாலர், 3,655 ரூபாய். மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் வந்தது. வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி 3.5 சதவிகிதம் எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு 18 சதவிகிதம் ஜிஎஸ்டியும் போட்டிருந்தது. அது ஒரு 151. கடைசியாக கூரியர் தம்பி வாசலில் நின்று, "டியூட்டி கட்டணும் ப்ரோ" என்றார். சுங்க வரி, ஜிஎஸ்டி, அவங்க கம்பெனியின் 'கையாளும் கட்டணம்' எல்லாம் சேர்த்து 2,100!

மொத்தம் 5,906 ரூபாய். நான் பார்த்த விலை 2,125. என் கையில் மிச்சம் 94 ரூபாய். சட்டை இல்லை, பட்டனாவது வாங்கலாம்!

போகட்டும், அப்பா முகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த வார சனிக்கிழமையே பஸ் ஏறினேன். அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு சோதனை ஓட்டத்துக்காக எங்க வீட்டு ப்ளூ-ரே பிளேயரில் போட்டேன். கடையை மூடுவதற்கு முந்தைய வருஷம் அப்பா ஆசைப்பட்டு வாங்கிய பிளேயர் அது. உள்ளே போச்சு, சுத்துச்சு, திரையில் ஒரு வரி வந்தது. இந்த டிஸ்க் இந்த ரீஜனில் ஓடாது!

இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாது பாஸ். ப்ளூ-ரேக்காக உலகத்தை மூணாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 'ஏ'. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா 'பி'. நாம சீனா, ரஷ்யாவோடு சேர்ந்து 'சி'. ஒரு பிரிவுக்கென்று பூட்டிய டிஸ்க் இன்னொரு பிரிவு பிளேயரில் ஓடாது. டிவிடியிலும் இதே கதைதான். அங்கே ஆறு பங்கு, நமக்கு 5-ம் நம்பர். ஆனா அந்தக் காலத்து டிவிடி பிளேயர்கள் பலதும் எதைப் போட்டாலும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டதால், அப்பாவுக்கே இந்த விவகாரம் தெரியாது. எல்லா டிஸ்க்கும் பூட்டியிருக்காது, பூட்டு இல்லாமல் வருவதும் நிறைய உண்டு. அட்டையின் பின்பக்கம் சின்னதாக உலக உருண்டை மாதிரி ஒரு படம் இருக்கும், அதற்குள் எழுத்து இருக்கும். அதை நான் பார்க்கவே இல்லை. பார்த்தது தள்ளுபடியை மட்டும்தான்.

திருப்பி அனுப்பலாம் என்றால், அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவு டிஸ்க் விலையை முழுங்கிவிடும். போதாததற்கு, பிரித்த டிஸ்க். அப்பா வருவதற்குள் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன். "என்னடா வந்ததும் ஓடுற?" என்றார் அம்மா. "அசைன்மென்ட்" என்றேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கிட்டத்தட்ட அழுதேன். இதை ஹாஸ்டலில் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

காப்பாற்றியவர் சீனியர் அண்ணன் ஒருத்தர். படிப்பை முடித்து வேலையில் இருக்கிறார், டிஸ்க் சேர்க்கும் பைத்தியம். விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "தம்பி, நீ டிஸ்க்கு விலையைப் பார்த்தே. நாங்க வாசப்படிக்கு வர்ற விலையைப் பார்ப்போம்" என்றார். முதல் வேலையாக, எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வைத்திருக்கும் தன் சென்னை நண்பரிடம் என் டிஸ்க்கை 2,500 ரூபாய்க்கு விற்றுக்கொடுத்தார். 3,406 ரூபாய் கோவிந்தா.

அப்புறம்தான் பாடம் ஆரம்பம். 4கே டிஸ்க்குகளுக்கு இந்த ஏ, பி, சி பஞ்சாயத்தே கிடையாதாம். உலகத்தில் எங்கே வாங்கினாலும் எந்த 4கே பிளேயரிலும் ஓடும். கூடவே வரும் சாதா ப்ளூ-ரே மட்டும் பூட்டியிருக்கலாம். 'செவன் சாமுராய்' 70 வயசு ஆனதை ஒட்டி 2024-ல்தான் 4கே டிஸ்க்காக வந்திருந்தது. 'ஜப்பான் படத்தை ஜப்பானிலேயே வாங்கினால் என்ன' என்று கேட்டேன். அங்கே விலை எகிறும், பல டிஸ்க்குகளில் இங்கிலீஷ் சப்-டைட்டிலும் இருக்காது என்றார். எங்கப்பாவுக்கு ஜப்பானிய மொழி தெரியாது என்பதால் அந்த யோசனை அங்கேயே செத்தது.

அண்ணன் கைகாட்டியது லண்டனில் ஒரு கடை. தள்ளுபடி போக 24 பவுண்ட். இங்கேதான் ஒரு சூட்சுமம். பிரிட்டனில் போட்டிருக்கும் விலைக்குள்ளேயே 20 சதவிகித வாட் வரி அடங்கியிருக்கும். நாட்டை விட்டு வெளியே போகிற சரக்குக்கு அதைக் கழிக்கலாம். கழிக்கிற கடையாகப் பார்த்துப் பிடித்தால் ஆறில் ஒரு பங்கு விலை அப்படியே குறையும். நம்ம முகவரியைப் போட்டதும் 24 பவுண்ட் 20 ஆனதைக் கண்ணால் பார்த்தேன். எல்லாக் கடையும் இப்படிக் கழிப்பதில்லை. சில கடைகள் கமுக்கமாக அதே விலையை வாங்கிக்கொள்ளும். அதனால கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு, பிடிக்கலைன்னா பணம் கட்டாம வெளியே வந்துடுங்க. வெட்கமே வேண்டாம், துணிக்கடையில் முப்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிட்டு எழுந்து வர்ற ஊர்தானே நம்மது!

ரெண்டாவது விஷயம், கூட்டு ஆர்டர். தனியா ஒரு டிஸ்க் என்றால் அனுப்பும் செலவு 10 பவுண்ட். நாலு டிஸ்க் சேர்த்தால் 16. அண்ணனும் அவர் நண்பர்கள் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு படம் எடுக்க, என் பங்கு வெறும் 4 பவுண்ட். இதில் வரியும் மிச்சம் என்பது பலருக்குத் தெரியாது. சுங்கத்தில் வரி போடும்போது டிஸ்க் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்து மதிப்பு பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அனுப்பும் செலவு குறைந்தால் அதற்கு மேல் விழும் வரியும் குறைகிறது.

மூணாவது, வெளிநாட்டுச் செலவுக்குக் கமிஷன் பிடிக்காத கார்டு. அப்படி ஒண்ணு அண்ணனிடம் இருந்தது. பணம் கட்டும்போது 'ரூபாயிலேயே கட்டுறீங்களா?' என்று பாசமாக ஒரு பெட்டி வந்தது. நான் 'ஆமா'வை அமுக்கப் போனேன். கையில் ஒரு அடி! அந்தப் பெட்டியில் வருவது அவங்க வைக்கிற மாற்று விகிதம், பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். பவுண்டில் விற்கிற கடையில் பவுண்டிலேயே கட்டணும்.

'கிஃப்ட்னு போட்டு அனுப்பச் சொன்னா வரி இல்லையாமே' என்று என் ரூம்மேட் ஒரு ஐடியா கொடுத்தான். அண்ணன் முறைத்தார். அன்பளிப்பு என்ற பேரில் தபாலிலோ கூரியரிலோ பொருள் இறக்குமதி செய்வதை 2019 டிசம்பரிலேயே அரசு தடை செய்துவிட்டது. விலக்கு ரெண்டே ரெண்டுக்குத்தான்... உயிர் காக்கும் மருந்து, அப்புறம் ராக்கி கயிறு! சாமுராய் ராக்கி கட்டிக்கொண்டு வந்தாலும் கணக்கில் வராது. வரியைக் கட்டித்தான் ஆகணும், கட்டினோம். கூரியர் வேண்டாம், சாதாரணத் தபாலே போதும் என்று போட்டதால், அந்தக் 'கையாளும்' கட்டணத்துக்குப் பெரிதாக வேலை இல்லாமல் போனது. ஆனா பொறுமை வேணும். ஆகஸ்ட்டில் ஆர்டர் போட்டு 24 நாள், தினமும் நிலவரம் பார்த்துப் பார்த்து என் போன் பேட்டரி இளைத்ததுதான் மிச்சம். நடுவில் ஒன்பது நாள் எந்தச் சத்தமும் இல்லை. மறுபடியும் போச்சுடா என்றே நினைத்தேன்.

ஒருநாள் தபால்காரர் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாலு டிஸ்க்குக்கும் சேர்த்து வரி 3,792. என் பங்கு 948. அன்றைய பவுண்ட் 118 ரூபாய் கணக்கில் என் 24 பவுண்ட், 2,832. ஆக மொத்தம் 3,780 ரூபாய். போன தடவையைவிட நல்ல டிஸ்க், 2,126 ரூபாய் கம்மி. இந்தக் காசுக்காக மறுபடி ரெண்டு மாசம் டியூஷன். இருபடிச் சமன்பாட்டை இனி தூக்கத்திலும் நடத்துவேன்.

4கே பிளேயருக்கு? தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அண்ணன் தன்னோட பிளேஸ்டேஷன் 5-ஐ, டிஸ்க் போடும் வசதி இருக்கும் மாடல், பெற்ற பிள்ளையைப் போல என் கையில் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். எங்க வீட்டு டிவி 4கே இல்லைதான். ஆனாலும் படம் ஓடியது, பழைய விசிடியைப் பார்த்த கண்ணுக்கு அதுவே திருவிழா.

அப்பா முதலிலிருந்தே பார்க்கணும் என்றார். மூணரை மணி நேரம். நடுவில் எழுந்து போகவே இல்லை. அம்மா கொடுத்த முறுக்கு அப்படியே தட்டில் இருந்தது. மழை ஆரம்பித்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இதான்டா... மூணாவது சிடி" என்றார். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை பேர் பொழைத்தார்கள் என்று அவர் வாய்க்குள்ளேயே எண்ணியது மட்டும் கேட்டது.

முடிந்ததும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். 3,780 என்றேன். "பத்து ரூபா வாடகைன்னா 378 தடவை போயிட்டு வரணும்" என்று கணக்குப் போட்டார். கடைக்காரர் புத்தி! கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மழை சீனை மறுபடி போடு" என்றார்.

அந்த 5,906 ரூபாய்க் கதை மட்டும் அவருக்கு இன்னும் தெரியாது. எங்க தெருமுனைக் கடையில் இந்த இதழ் வெள்ளிக்கிழமை வந்துவிடும். நான் இந்த வாரம் ஊருக்குப் போவதாக இல்லை.