பூங்கா எங்கே சார்?

சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மனை பார்க்க இலவச வேன், மதியம் தயிர்சாதம். கூடவே ரிட்டயரான அப்பாவும் அவருடைய பி.எஃப். பணமும்! வெயிலில் மஞ்சள் பெயின்ட் கற்கள். வரைபடத்தில் மட்டும் பச்சைப்பசேல்.

"பூங்கா எங்கே சார்?"

"நீங்க நிக்கிற இடம்தான்!"

காலடியில் கல். அதில் 'மனை எண் 47'!

பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவில், ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதம் பொது இடமாக விட்டாகணும். சின்ன லே-அவுட் மாதிரி பணம் கட்டித் தப்பிக்க முடியாது. பூங்காவையும் ரோட்டையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரணும். இதுவோ நாலு ஏக்கர்!

"தானப்பத்திரம் காட்டுங்களேன்."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம் சார்..."

அப்பா பேசவில்லை. செக் புக்கை மஞ்சள் பையின் அடியில் தள்ளிவிட்டு, வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.