72 மணி நேரமா, 48 மணி நேரமா? தொற்றுக் காலத்தில் வெளிநாடு கிளம்பும் முன் படிங்க

1/ ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வெளிநாடு போகும் நண்பர்களுக்காக இந்த இழை. கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்றே அறிவித்துவிட்டது. இப்ப எதுக்கு இது டாக்டர்னு கேட்பீங்க. அடுத்த தொற்று சொல்லிட்டு வராது. அதோட, நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டியிருக்கு.

2/ 2021 அக்டோபர். துபாயில் வேலை பார்க்கும் சூளகிரிக்காரர் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். ஏப்ரலில் விடுமுறைக்கு ஊர் வந்தவர். இரண்டாம் அலையில் அமீரகம் இந்தியப் பயணிகளை நிறுத்தியதால் மாட்டிக்கொண்டார். சிப்காட்டில் தினக்கூலிக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினார். கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டாச்சு. விசா முடியப் பத்து நாள்தான் பாக்கி.

3/ "ஆர்டிபிசிஆர் எப்ப எடுக்கணும் சார்?" என்றார். வரிசையில் முப்பது பேர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "72 மணி நேரத்துக்குள்ள போதும்பா" என்றேன். பல நாடுகளுக்கு அப்போது அதுதான் விதி. அமீரகத்துக்கு 48 மணி நேரம்.

4/ திங்கள் மாலை 6 மணிக்குச் சளி மாதிரி கொடுத்தார். விமானம் வியாழன் அதிகாலை 4 மணிக்கு. கூட்டிப் பாருங்க, 58 மணி நேரம். கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடியும் முன் எனக்குப் போன். "ரிப்போர்ட் நேத்துதானே சார் வந்துச்சு?" எனக்குப் பேச்சே வரவில்லை.

5/ தங்கை கம்மலை அடகு வைத்து வேறு டிக்கெட் எடுத்து, விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். பணம் கொடுக்கிறேன் என்றேன், வாங்கவில்லை. "நானும் இன்னொரு இடத்துல கேட்டிருக்கணும் சார்" என்றார். அந்தப் பெருந்தன்மைதான் இன்னும் உறுத்துது.

6/ அதனால் முதல் பாடம்: கடிகாரம் ஓடுவது ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து அல்ல, மாதிரி எடுத்த நேரத்திலிருந்து. காரணம் எளிது. மூக்கில் குச்சி விட்ட அந்த நொடியில் வைரஸ் இருந்ததா என்பதை மட்டும்தான் அந்தச் சோதனை சொல்லும். மறுநாள் தொற்றினால் அதற்குத் தெரியாது.

7/ ஒரே பயணத்துக்கு நான்கு விதிகள். தமிழ்நாடு, ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகா, இடையில் விமானம் மாறும் நாடு, போய்ச் சேரும் நாடு. நான்கையும் விமான நிறுவனத்தின் தளத்தில் பாருங்க. கிளம்பும் முந்தின நாள் மறுபடி பாருங்க. டாக்டர் சொன்னார்னு விட்டுடாதீங்க, நான் உட்பட.

8/ சான்றிதழில் பாஸ்போர்ட் எண், பெயர், முழுப் பிறந்த தேதி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். போட்ட தடுப்பூசியை அந்த நாடு ஏற்கிறதா பாருங்க. கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்றுதான் ஒப்புதல் தந்தது. அதுவரை எத்தனை பேர் காத்திருந்தார்கள்!

9/ சமீபத்தில் தொற்று வந்து குணமானவர்கள் கவனம். செத்த வைரஸின் துணுக்குகளாலேயே சில வாரங்கள் பாசிட்டிவ் காட்டலாம். குணமானதற்கான மருத்துவச் சான்றைக் கையில் வைங்க. ஆனா காய்ச்சல், இருமலோடு மாத்திரை போட்டு மறைச்சுட்டுப் போகாதீங்க. பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி இருக்கலாம்.

10/ இன்சுலின் கைப்பையில் வரட்டும். சரக்குப் பகுதிக் குளிரில் உறைந்தால் வீண். மருந்துச் சீட்டு கட்டாயம். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்துகளை அனுமதி இல்லாமல் அமீரகத்துக்கு எடுத்துப் போனால் ஜெயில் வரை போகலாம்.

11/ ஆப்பிரிக்கா போறவங்க மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது 10 நாள் முன்னாடியே போட்டுக்கோங்க. அதற்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும், ஆயுளுக்கும் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

12/ கடைசியாக, தேவனஹள்ளி இங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பால் எல்லாம் தாண்டணும். தொற்றுக் காலத்தில் விமான நிலையத்திலும் சோதனை இருக்கும். ஆறு மணி நேரம் முன்னாடியே போய்ச் சேர்ந்துடுங்க.

அந்தத் தம்பி போன மாதம் பேசினார். தங்கை கம்மலை மீட்டு ரொம்ப நாளாச்சாம். இப்போதெல்லாம் யாராவது பயணம்னு வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேட்கிறேன்: "எந்த நாடு, எத்தனை மணிக்கு விமானம்?"